விடுமுறை வாடகை வீடுகளும் வருமான வரிக் கழிவுகளும்

விடுமுறை வாடகை வீடு என்பது சுற்றுலாவுக்கோ ஓய்வுக்கோ வருபவர்களுக்கு நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ விடப்படும் வீடு, மாடிப்பகுதி அல்லது அறை ஆகும். தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை போன்ற மலையூர்களிலும், மாமல்லபுரத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களிலும் இவை மிகுதி. வாசல் பலகையில் காட்டேஜ், ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று எதுவும் எழுதியிருக்கலாம். பலகையில் உள்ள பெயரைக் கொண்டு வரி தீர்மானிக்கப்படுவதில்லை.

இத்தகைய வீட்டை வைத்திருப்பவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, எந்தெந்தச் செலவுகளைக் கழிக்கலாம் என்பது. இந்திய வருமான வரியைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது: அந்த வருமானம் சட்டத்தின் எந்தத் தலைப்பில் சேர்கிறது? பராமரிப்பாளருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு தலைப்பில் முழுவதும் கழியும். மற்றொன்றில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. செலவு ஒன்றேதான், ரசீதும் ஒன்றேதான். ஆகவே செலவுப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் பயனில்லை.

இக்கட்டுரையில் வரும் பிரிவு எண்கள் வருமான வரிச் சட்டம், 1961இன் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வரி ஆண்டுகளுக்கு வருமான வரிச் சட்டம், 2025 பொருந்தும். அதில் எண்கள் மாறியுள்ளன. வருமானத் தலைப்புகள், வீட்டுச் சொத்துக்கான 30 விழுக்காட்டுக் கழிவு ஆகிய அடிப்படைகள் மாறவில்லை.

எந்தத் தலைப்பு?

வாடகை வீட்டு வருமானத்துக்கு மூன்று தலைப்புகள் வாய்ப்புள்ளவை: வீட்டுச் சொத்து வருமானம், தொழில் வருமானம், பிற வழி வருமானம்.

பிரிவு 22இன்படி, ஒருவர் தமக்கு உரிமையான கட்டடத்தின் ஆண்டு மதிப்பு வீட்டுச் சொத்து வருமானமாகும். அவர் தம் சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் பகுதி மட்டும் இதில் சேராது. நிலச் சொத்துகளை வாங்கி மேம்படுத்துவதையும் சந்தைகளை உருவாக்குவதையும் நோக்கமாகக் கொண்ட ஒரு நிறுவனம் கல்கத்தாவில் கடைகளை விட்டுப் பெற்ற வாடகையும் வீட்டுச் சொத்து வருமானமே என்று உச்ச நீதிமன்றம் 1961இல் ஈஸ்ட் இந்தியா ஹவுசிங் வழக்கில் கூறியது. 2015இல் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கில் நிலைமை வேறு. அந்த நிறுவனத்தின் முதன்மை நோக்கமே சென்னையில் உள்ள குறிப்பிட்ட இரண்டு கட்டடங்களை வைத்திருந்து வாடகைக்கு விடுவதுதான். ஆகவே அதன் வாடகை தொழில் வருமானம் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

மூன்றாவது தலைப்புக்கு 1964ஆம் ஆண்டின் சுல்தான் பிரதர்ஸ் வழக்கு உதாரணம். பம்பாயில் ஒரு கட்டடம் ஓட்டல் நடத்துவதற்காகத் தளவாடங்களுடன் குத்தகைக்கு விடப்பட்டது. கட்டடத்துக்கு மாதம் 5,950 ரூபாய், தளவாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாய். இரண்டையும் பிரித்து விடும் எண்ணம் இரு தரப்புக்கும் இல்லை. ஆகவே முழுத்தொகையும் பிற வழி வருமானம் என்று முடிவாயிற்று. கட்டில், மெத்தை, அடுப்படிச் சாமான்களுடன் காட்டேஜை அப்படியே ஒருவரிடம் ஒப்படைத்துவிடும் உரிமையாளருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தக்கூடும். அப்போது பிரிவு 57இன் கீழ் பழுதுபார்ப்பு, காப்பீடு, தேய்மானம், அந்த வருமானத்துக்காகவே செய்த பிற செலவுகள் ஆகியவை கழியும்.

2024ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் இந்த விவாதத்தில் ஒரு புதிய கோட்டை வரைந்தது. குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானம் தொழில் வருமானம் ஆகாது, வீட்டுச் சொத்து வருமானமே என்ற விளக்கம் பிரிவு 28இல் சேர்க்கப்பட்டது. இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் பொருந்தும். வாடகையைத் தொழில் என்று காட்டிச் செலவுகளை அள்ளிக் கழித்து வந்த பழக்கத்தை நிறுத்துவதே இதன் நோக்கம்.

அப்படியானால் ஹோம்ஸ்டே நடத்துபவர் நிலை என்ன? விளக்கத்தின் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். அது "வாடகைக்கு விடுதல்" பற்றிப் பேசுகிறது. வாடகைக்கு விட்டால் வீடு குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருப்பவரின் வசம் போய்விடும். விருந்தினர் இரண்டு நாள் தங்குவதில் அப்படி நடப்பதில்லை. சாவி உரிமையாளரிடமே இருக்கிறது. தினமும் பெருக்கித் துடைக்கிறார்கள். படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள். காலைச் சிற்றுண்டி தருகிறார்கள். இது விடுதி நடத்தும் செயலே தவிர வாடகைக்கு விடும் செயல் அன்று என்பதே என் கருத்து. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு, பணிவிடை எதுவும் இல்லாமல், சீசன் இரண்டு மாதத்துக்கும் ஒரே குடும்பத்துக்கு வீட்டை விடுபவர் அதைத் தொழில் என்று சொல்வது கடினம். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளவர்கள்தாம் தணிக்கையாளரைக் கலந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்கள் கையில் இருக்க வேண்டியது, என்னென்ன பணிவிடை செய்யப்பட்டது என்பதற்கான சான்று.

பிறருடைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அவர் உரிமையாளர் அல்லர் என்பதால் பிரிவு 22 அவரைத் தொடாது. குத்தகைக்காலம் 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் சட்டம் அவரையே உரிமையாளராகக் கருதும். மற்றபடி அவர் கொடுக்கும் குத்தகைப் பணமே அவருடைய முதல் செலவு.

காப்பி, தேயிலைத் தோட்டத்தின் நடுவே உள்ள பங்களாவை விடுபவர்கள் சிலர் அதை வேளாண் வருமானம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வேளாண்மை அல்லாத நோக்கத்துக்கு, தங்கவிடுவது உட்பட, நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்திப் பெறும் வருமானம் வேளாண் வருமானம் ஆகாது என்று பிரிவு 2(1ஏ)வின் விளக்கமே சொல்கிறது.

வீட்டுச் சொத்து வருமானமாகக் கொண்டால்

இங்கே கணக்கு மிக எளிது. ஆண்டு மதிப்பிலிருந்து உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையில் கட்டிய சொத்துவரி கழியும். வரி கட்ட வேண்டியிருந்து கட்டாமல் விட்டிருந்தால் கழியாது. மீதியில் 30 விழுக்காடு பிரிவு 24(ஏ)வின்படி கழியும். அதன்பின் வீட்டுக்கடன் வட்டி பிரிவு 24(பி)யின்படி கழியும். அவ்வளவுதான்.

30 விழுக்காடு என்பது நிலையான கழிவு. வீட்டுக்கு ஒரு ஆணிகூட அடிக்காதவருக்கும் 30 விழுக்காடு; கூரையையே மாற்றியவருக்கும் 30 விழுக்காடு. 2002-03 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன்னர் பழுதுபார்ப்புக்கு ஒரு பங்கு, காப்பீட்டுக் கட்டணம், வாடகை வசூல் செலவு என்று தனித்தனியாகக் கழிக்கும் முறை இருந்தது. அவையெல்லாம் நீக்கப்பட்டு அவற்றின் இடத்தில் வந்ததே இந்த ஒற்றைக் கழிவு. ஆகவே வாட்ச்மேன் சம்பளம், மின்கட்டணம், சலவை, முன்பதிவுத் தளத்தின் தரகு, காப்பீடு எதையும் இத்தலைப்பில் தனியாகக் கேட்க முடியாது.

வட்டி பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் அதனால் நட்டம் ஏற்பட்டால், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரைதான் சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுசெய்யலாம். மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை வீட்டுச் சொத்து வருமானத்தில் மட்டும் ஈடுசெய்யலாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர் அந்த நட்டத்தைப் பிற தலைப்பு வருமானத்தில் ஈடுசெய்யவே முடியாது. கட்டி முடிப்பதற்கு முந்தைய காலத்து வட்டி ஐந்து சம தவணைகளில் கழியும். கடனின் அசல் எந்தத் தலைப்பிலும் செலவு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதிவிடுவது பரவலாகக் காணும் பிழை.

வீடு சில மாதங்கள் காலியாக இருந்து, அதனால் வாடகை குறைந்திருந்தால், குறைந்த தொகையையே ஆண்டு மதிப்பாகக் கொள்ளப் பிரிவு 23(1)(சி) இடம் தருகிறது. சீசனை நம்பியிருக்கும் மலையூர் வீடுகளுக்கு இது முக்கியமான சலுகை.

தொழில் வருமானமாகக் கொண்டால்

இங்கே 30 விழுக்காடு என்ற நிலையான கழிவு கிடையாது. அதற்குப் பதிலாக உண்மையில் ஆன செலவு கழியும்.

பிரிவு 30 கட்டடத்தின் சொத்துவரி, காப்பீடு, நடப்புப் பழுதுபார்ப்பு ஆகியவற்றையும், பிரிவு 31 மரச்சாமான், இயந்திரங்களின் பழுதுபார்ப்பையும் அனுமதிக்கின்றன. கடன் வட்டி பிரிவு 36(1)(iii)இன் கீழ் வரும். மற்ற அனைத்துக்கும் பிரிவு 37(1): முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்யப்பட்டிருக்க வேண்டும், மூலதனச் செலவாக இருக்கக் கூடாது, சொந்தச் செலவாகவும் இருக்கக் கூடாது. பராமரிப்பாளர் சம்பளம், சலவை, துப்புரவுப் பொருள்கள், மின்சாரம், தண்ணீர் லாரி, இணையம், சமையல் எரிவாயு, விருந்தினருக்கான மளிகை, விளம்பரம், தரகு, கணக்கர் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும்.

பழுதுபார்ப்புக்கும் மூலதனச் செலவுக்கும் உள்ள எல்லையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மழையில் ஒழுகும் ஓடுகளை மாற்றுவதும், வெள்ளையடிப்பதும், உடைந்த குழாயை மாற்றுவதும் பழுதுபார்ப்பு. மொட்டைமாடியில் புதிதாக ஓர் அறை எழுப்புவது மூலதனச் செலவு. அது உடனே கழியாது. கட்டடத்தின் மதிப்போடு சேர்ந்து, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழியும். இருந்ததை இருந்த நிலைக்குக் கொண்டுவந்தோமா, இல்லாததைப் புதிதாக உண்டாக்கினோமா என்று கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

தேய்மான விகிதங்கள், குறைந்துவரும் மதிப்பின் மீது: பெரும்பாலும் குடியிருப்புக்கான கட்டடத்துக்கு 5 விழுக்காடு, ஓட்டல், தங்கும் விடுதி உள்ளிட்ட பிற கட்டடங்களுக்கு 10 விழுக்காடு, மரச்சாமான்களுக்கு 10 விழுக்காடு, பொதுவான இயந்திரங்களுக்கு 15 விழுக்காடு, கணினிக்கு 40 விழுக்காடு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. மலையூர்களில் வீட்டின் விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலைதான் என்பதால், வாங்கிய விலையை நிலம், கட்டடம் என்று பிரித்துக் காட்டும் மதிப்பீடு ஒன்று தொடக்கத்திலேயே தேவை.

ரொக்கமாகக் கொடுப்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அந்தச் செலவு முழுவதும் பிரிவு 40ஏ(3)இன்படி தள்ளப்படும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பகுதி மட்டுமன்று, முழுவதும். பராமரிப்பாளருக்கு மாதம் 12,000 ரூபாயை முதல் தேதியன்று கையில் கொடுத்துவிட்டு வவுச்சரில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய்ச் செலவு கணக்கில் நிற்காது. அவருடைய வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் நிற்கும். கட்டிலும் மெத்தையும் இவ்வாறு ரொக்கத்தில் வாங்கினால் அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கிடைக்காது.

வீட்டுக்காரர் தாமே தங்கும் நாள்கள்

விடுமுறை வீட்டைச் சாதாரண விடுதியிலிருந்து வேறுபடுத்துவது இதுவே. மே மாதத்தில் பேரப்பிள்ளைகளோடு பத்து நாள், பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் என்று உரிமையாளரும் அதே வீட்டில் தங்குகிறார். அந்த நாள்களின் செலவு தொழில் செலவு அன்று.

பிரிவு 38(2)இன்படி, கட்டடமோ மரச்சாமானோ முழுக்கத் தொழிலுக்கு மட்டும் பயன்படாவிட்டால், பழுதுபார்ப்பு, காப்பீடு, தேய்மானம் ஆகியவற்றில் நியாயமான விகிதப் பங்கு மட்டுமே கழியும். பிற செலவுகளில் சொந்தப் பங்கைப் பிரிவு 37 தடுத்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த விகிதம்தான் இது. ஆனால் எந்த எண்ணை எதனால் வகுப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பயன்பாட்டைப் பார்த்து மதிப்பீட்டு அலுவலர் தீர்மானிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உரிமையாளர் குடும்பம் கீழ்த்தளத்தில் வசித்து மாடி அறைகளை விருந்தினருக்கு விட்டால் பரப்பளவு பொருத்தமான அளவுகோல். சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும், விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது என்பதால், அத்திட்டத்தில் பதிவுசெய்தவர்களுக்கு இதுவே உகந்தது. முழு வீட்டையும் சில நாள் விருந்தினரும் சில நாள் குடும்பமும் பயன்படுத்தினால் நாள் கணக்கே பொருந்தும்.

அமெரிக்க வரிச்சட்டம் இதில் நாள்களை எண்ணியே சொல்லிவிடுகிறது. அந்நாட்டின் பிரிவு 280ஏயின்படி, சொந்த வீடாகவும் பயன்படும் ஒரு வீட்டை ஆண்டில் 15 நாளுக்குக் குறைவாக விட்டால் அந்த வாடகைக்கு வரியே இல்லை. வாடகைச் செலவுகளைக் கழிக்கவும் முடியாது. சொந்தப் பயன்பாடு 14 நாள், அல்லது வாடகை நாள்களில் 10 விழுக்காடு, இவற்றுள் எது பெரிதோ அதைத் தாண்டினால், வாடகைச் செலவுகளின் கழிவு வாடகை வருமானத்தை மீறக் கூடாது. அங்கும் வகுக்கும் எண் வழக்காகியிருக்கிறது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு தம்பதியர் தம் வீட்டை 91 நாள் வாடகைக்கு விட்டு, 30 நாள் தாம் தங்கினர். வட்டியையும் சொத்துவரியையும் 121ஆல் வகுக்க வேண்டும் என்றது வரித்துறை. அவை ஆண்டு முழுவதும் ஏறுபவை, ஆகவே 365ஆல் வகுக்க வேண்டும் என்றனர் தம்பதியர். 1981இல் வரி நீதிமன்றமும் 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தம்பதியர் பக்கமே தீர்த்தன.

இந்தியச் சட்டத்தில் 14 நாள் சலுகை எதுவும் இல்லை. நேர்மாறாக, வீட்டுச் சொத்துத் தலைப்பில் ஒருவர் தம் பயன்பாட்டுக்கு வைத்துள்ள இரண்டு வீடுகள் வரை ஆண்டு மதிப்பு சுழி என்று கொள்ளலாம். ஆனால் ஆண்டின் எந்தப் பகுதியிலாவது அந்த வீடு வாடகைக்கு விடப்பட்டால் அச்சலுகை போய்விடும் என்று பிரிவு 23(3) கூறுகிறது. தெரிந்தவர்தானே என்று ஒரு வாரம் பணம் வாங்கிக்கொண்டு விடுவதற்குமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

எந்த முறையானாலும் விருந்தினர் பதிவேடே முதன்மைச் சான்று. யார், எந்த நாள் வந்து எந்த நாள் போனார் என்ற பதிவேடு ஒழுங்காக இருந்தால் விகிதக் கணக்கு ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் படிவம் சி அனுப்பும் கடமை இருப்பதால், அந்தப் பதிவேடு எப்படியும் தேவைதான்.

ஓர் உதாரணக் கணக்கு

கீழுள்ளவை விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்கள். கொடைக்கானலில் ஒரு வீடு ஆண்டில் 180 நாள் விருந்தினர்க்கு விடப்பட்டது. குடும்பம் 20 நாள் தங்கியது. மொத்த வசூல் 6,00,000 ரூபாய். கடன் வட்டி 1,50,000.

விருந்தினருக்காக மட்டும் ஆன செலவு: தளத்தின் தரகு 72,000, சலவை 36,000, சிற்றுண்டி 30,000, ஆக 1,38,000. எல்லோருக்கும் பொதுவானவை: பராமரிப்பாளர் 1,44,000, மின்சாரம் முதலியன 48,000, பழுதுபார்ப்பு 40,000, சொத்துவரி 8,000, காப்பீடு 4,000, ஆக 2,44,000. வட்டியும் சேர்த்துக் கையிலிருந்து போனது 5,32,000 ரூபாய். கையில் மிஞ்சியது 68,000 ரூபாய்.

வீட்டுச் சொத்தாகக் கணக்கிட்டால், வசூலையே ஆண்டு மதிப்பாகக் கொண்டு, சொத்துவரி போக 5,92,000. அதில் 30 விழுக்காடான 1,77,600 போக 4,14,400. வட்டி போக 2,64,400 ரூபாய் வரிக்குரிய வருமானம். மிஞ்சிய பணத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு!

தொழிலாகக் கணக்கிட்டால் தேய்மானமும் சேரும். கட்டடத்தின் மதிப்பு 25,00,000 என்றும், எச்சரிக்கையாக 5 விழுக்காடு என்றும் கொண்டால் 1,25,000. மரச்சாமான் 2,00,000க்கு 20,000. பொதுச் செலவு, வட்டி, தேய்மானம் மூன்றும் சேர்ந்து 5,39,000. இருநூறு நாளில் 180 நாள், அதாவது 90 விழுக்காடு, 4,85,100. இதனுடன் விருந்தினர் செலவு 1,38,000 சேர மொத்தக் கழிவு 6,23,100. விளைவு 23,100 ரூபாய் நட்டம்.

ஒரே வீடு, ஒரே ஆண்டு, ஒரே செலவு. ஒரு பக்கம் 2,64,400 வருமானம், மறுபக்கம் நட்டம். தலைப்பைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருப்பது இதனால்தான். ஆனால் பணிவிடைகள் இல்லாத வீட்டில் இது தலைகீழாகும். பராமரிப்பாளரும் சலவையும் சிற்றுண்டியும் இல்லாதபோது உண்மைச் செலவு 30 விழுக்காட்டைவிடக் குறைவாக இருக்கலாம்; அவருக்கு வீட்டுச் சொத்துத் தலைப்பே லாபம். நமக்கு எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வீட்டில் உண்மையில் நடப்பதே தலைப்பைத் தீர்மானிக்கும்.

மேற்கண்ட நட்டத்தையும் ஓய்வூதியத்தில் ஈடுசெய்ய முடியாது. ஓய்வூதியம் சட்டப்படி சம்பள வருமானம். தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுசெய்யப் பிரிவு 71(2ஏ) தடை விதிக்கிறது. வங்கி வட்டியில் ஈடுசெய்யலாம். மிச்சத்தை, கெடு தேதிக்குள் படிவம் தாக்கல் செய்திருந்தால், எட்டு ஆண்டுகள் தொழில் வருமானத்தில் ஈடுசெய்யலாம்.

2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில், சிறப்பு விகித வருமானங்கள் இல்லாமல், மொத்த வருமானம் 12,00,000 ரூபாயைத் தாண்டாத உள்நாட்டுவாசிக்குத் தள்ளுபடியால் வரி எதுவும் இல்லை. சிறு ஓய்வூதியத்தோடு ஒரு வீட்டை விடுபவர் பலர் இந்த வரம்புக்குள்ளேயே இருப்பார்கள். அவர்கள் இந்தக் கணக்குக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் வருமானத்தைச் சரியான தலைப்பில் காட்டத்தான் வேண்டும்.

கணக்கு எழுதாமல் ஒரு வழி

தொழில் என்று உறுதியானால் பிரிவு 44ஏடியின் உத்தேச வருமான முறையைப் பயன்படுத்தலாம். விற்றுவரவு 2 கோடிக்குள் இருக்க வேண்டும். ரொக்கம் 5 விழுக்காட்டுக்குள் என்றால் 3 கோடி. வங்கி வழியாகவும் மின்னணு முறையிலும் வந்த தொகையில் 6 விழுக்காடு, ரொக்கத்தில் 8 விழுக்காடு இலாபமாகக் கொள்ளப்படும். நம் உதாரணத்தில் முழு வசூலும் வங்கி வழி வந்திருந்தால் 36,000 ரூபாய். தனியாக எந்தச் செலவையும், வட்டியையும்கூட, கழிக்க முடியாது. தேய்மானமும் கழிக்கப்பட்டதாகவே கருதப்படும். உண்மை இலாபம் அதிகம் என்றால் அதிகமாகவே காட்ட வேண்டும். இம்முறையில் நுழைந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுக்குள் இதைவிட்டு விலகிக் குறைவான இலாபம் காட்டினால், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் இதற்குள் வர முடியாது.

முன்பதிவுத் தளங்கள் வழி வரும் பணம்

தளங்கள் தம் தரகை எடுத்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுகின்றன. வங்கியில் வந்ததையே வருமானம் என்று எழுதுவது தவறு. விருந்தினர் கொடுத்த முழுத்தொகை வருமானம், தரகு செலவு. வீட்டுச் சொத்துத் தலைப்பில் இந்தத் தரகு கழியாது என்பதால் அங்கே இந்த வேறுபாடு பணமாகவே தெரியும்.

பிரிவு 194-ஓவின்படி தளம் பிடிக்கும் வரி 2024 அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடு, அதற்கு முன் 1 விழுக்காடு. பான் அல்லது ஆதார் எண் கொடுத்த தனிநபரின் ஆண்டு வசூல் அந்தத் தளத்தின் வழி 5,00,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை. பிடித்த தொகை செலவு அன்று, முன்கூட்டிக் கட்டிய வரி; படிவம் 26ஏஎஸ்ஸில் அது தெரியும். விருந்தினரிடம் தனியாக வசூலித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியும் இவ்வாறே வருமானமும் அன்று, செலவும் அன்று.

வீட்டை விற்கும்போது

ஆண்டுதோறும் கழித்த தேய்மானத்துக்கு விற்பனையின்போது கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். தேய்மானம் கழித்த கட்டடத்தை விற்றால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், கட்டடத்தின் மீதான ஆதாயம் பிரிவு 50இன்படி குறுகிய கால ஆதாயமாகக் கருதப்படும். தேய்மானத்தைக் கேட்காமல் விட்டாலும் தப்ப முடியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் கணக்கிடப்படும் என்பது 2002-03 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விதி.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பிரிவு 54. ஒரு குடியிருப்பு வீட்டை விற்று மற்றொரு வீடு வாங்கினால் நீண்ட கால ஆதாயத்துக்கு விலக்கு தரும் பிரிவு அது. விற்கும் வீட்டின் வருமானம் வீட்டுச் சொத்துத் தலைப்பில் வரிக்குரியதாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. பல ஆண்டுகளாகத் தொழில் என்று காட்டிச் செலவுகளைக் கழித்து வந்தவர், கடைசியில் வீட்டை விற்கப் போகும்போது இந்த நிபந்தனையில் முட்டிக்கொள்கிறார். மலையூர்களில் நிலத்தின் விலை ஏறியிருக்கும் அளவைப் பார்த்தால், ஆண்டுதோறும் சேமித்த வரியைவிட இந்த ஒரு விலக்கின் மதிப்பு பெரிதாக இருக்கக்கூடும். ஐந்தாறு ஆண்டுக்குள் வீட்டை விற்கும் எண்ணம் உள்ளவர், முன்பதிவுத் தளத்தில் படங்களை ஏற்றும் முன்பே தணிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.